மாரிச்சாமிக்கு வந்த அம்மை

நான் வேலை பார்த்த மனநலப் பிரிவுக்குச் சமீபத்தில் ஒரு சோலியாகப் போயிருந்தேன். சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் அட்டவணை மாட்டியிருக்கிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எந்த மாத்திரையிலிருந்து எந்த மாத்திரைக்கு எப்படி மாறுவது என்று கட்டம் கட்டமாகப் போட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை அடித்திருக்கிறது. இப்போது அங்கே இருக்கும் நர்ஸ் பிள்ளைகள், இது இல்லாமல் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். டாக்டர் இருந்தார் என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அட்டவணை நன்றாகத்தான் இருக்கிறது. வேப்பிலைக்கு ஒரு கட்டம் போடவில்லை, அவ்வளவுதான் குறை. அதைச் சொன்னதும், என்ன கதை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

மதுரையில் நர்சிங் படித்தேன். பிரசவ வார்டு, தீக்காய வார்டு என்று சுற்றிவிட்டு, இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச நாளில் விருதுநகரில் இந்தப் பிரிவுக்கு மாற்றினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். தீக்காய வார்டில் சிவகாசிப் பக்கத்து ஆட்களைப் பார்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு தண்டனையா? இங்கே உட்கார நாற்காலி இருந்தது.

வாசலில் மனநலப் பிரிவு என்று போர்டு இருக்கும். ஆனால் வருகிறவர்கள் ‘நரம்பு டாக்டர்’ என்றுதான் கேட்பார்கள். பக்கத்து அறை கண் டாக்டருடையது. எங்களிடம் வர வேண்டியவர்களில் பாதிப்பேர் கண் வரிசையில் நின்று, தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் நழுவுவார்கள். தன் வரிசை எப்போதும் நீளம் என்று கண் டாக்டருக்கு ஒரு பெருமை. அதை நாங்கள் கெடுக்கவில்லை.

எங்கள் டாக்டர் காரியாபட்டிப் பக்கத்துக்காரர். குரலே உயராது. ஆண்கள் எல்லாரும் அவருக்கு அண்ணாச்சி, பெண்கள் எல்லாரும் தாயி. அரைக்கால் சட்டை போட்ட பையனும் அண்ணாச்சிதான். ஆய்வுக்கு வந்த மேலதிகாரி அம்மாவையும் தாயி என்றே கூப்பிட்டார். அந்த அம்மா அதற்குப் பிறகு எங்களைக் கேள்வி கேட்கவில்லை. டாக்டர் யாரிடமும் ‘பயப்படாதீங்க’ என்று மட்டும் சொல்ல மாட்டார். அப்படிச் சொன்னால், பயப்பட ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம்.

ஒருவருக்கு மாத்திரையை மாற்றுவது என்று முடிவானால் அன்றைக்கு அறைக்கதவைச் சாத்திவிடுவார். முதலில் பையைக் கொட்டச் சொல்வார். வீட்டில் இருக்கும் மாத்திரை அத்தனையும், சர்க்கரைக்கு, வாயுவுக்கு, நாட்டு வைத்தியர் கொடுத்த பொடி உட்பட, மேசை மேல் வந்தாக வேண்டும். பிறகு பழையதை எப்படிக் குறைப்பது, எப்போது நிறுத்துவது, எத்தனை நாள் சும்மா இருப்பது, புதியதை எவ்வளவு சிறிதாகத் தொடங்குவது என்று ஒரு தடவை சொல்வார். ஒரே ஒரு தடவைதான். அதன்பின், “இப்ப நீங்க டாக்டர், நான் அண்ணாச்சி. எனக்குச் சொல்லுங்க” என்பார். நோயாளி சொல்ல வேண்டும். கூட வந்தவர் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் சீட்டு கைக்கு வரும். மாற்றம் முடியும்வரை புதன்கிழமைதோறும் வர வேண்டும். வராவிட்டால் எங்கள் பக்கமிருந்து ஆள் போகும். போகிற ஆள் நான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்னது: “ஓடுற பஸ்ஸுல இருந்து ஓடுற பஸ்ஸுக்குத் தாவக்கூடாது. நிறுத்தி, எறங்கி, நின்னு, அப்புறமா ஏறணும்.” எல்லா மாத்திரைக்கும் ஒரே கணக்கு கிடையாது என்பதையும் அவரிடம்தான் கற்றேன். சிலதை நிறுத்திய மறுநாளே உடம்பு தேடும். பச்சையும் வெள்ளையுமாக ஒரு கேப்சூல் வரும், புளூவாக்ஸிடின் என்று பேர். அது விடைபெற்றுக்கொண்ட பிறகும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர் போல வாரக்கணக்கில் உடம்பை விட்டுப் போகாது. அது உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் அடுத்ததைக் கொடுத்தால் வில்லங்கம்தான்.

வில்லங்கத்தைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறேன். நிலபுலன் உள்ள ஒரு பெரியவர் எங்களிடம் அந்தக் கேப்சூலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் சீக்கிரம் குணமாகட்டும் என்று வெளியூரில் வேறொரு டாக்டரைப் பார்த்து, எங்களைப் பற்றி அவரிடம் மூச்சுவிடாமல், அதே இனத்தில் இன்னொரு மாத்திரையும் வாங்கி இரண்டையும் விழுங்கியிருக்கிறார். நிலத்துக்கு யூரியாவும் போடுகிறோம், பொட்டாஷும் போடுகிறோம், அது மாதிரிதானே என்று கணக்கு. வேட்டி பிழியப் பிழிய வேர்த்து, முழங்கால் தானாகத் துள்ள, வயிற்றுப்போக்கோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் இரண்டையும் நிறுத்திப் பொது வார்டில் சேர்த்து, கூடவே இருந்து தேற்றினார். பெரியவர் பிழைத்து எழுந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, ரெண்டுல எது சார் நல்லா வேலை செஞ்சது என்பது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இனி மாரிச்சாமி. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பது வயது இருக்கும். அப்பா காலத்தில் காட்டுவேலைக் கூலி. இவர் காலத்தில் பட்டாசுக் கம்பெனி. முதல் தடவை அவரை அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து நாலு பேர் பிடித்துக் கூட்டிவந்தார்கள். குளிக்கப் போனான், தலைசுற்றிவிட்டது என்றார்கள். குளிக்கப் போகிறவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்து, பத்திரமா வச்சுக்கோ என்று சொல்லிவிட்டுப் போக மாட்டான். அவருடைய மனைவி பேச்சியம்மாள்தான் அந்தக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

டாக்டர் இமிப்ரமின் என்ற காவிக்கலர் மாத்திரையைத் தொடங்கினார். சில வாரம் கழித்து மாரிச்சாமி வீட்டில், இன்னைக்கு என்ன குழம்பு என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியைச் சொல்ல பேச்சியம்மாள் பஸ் ஏறி வந்தார். சொல்லிவிட்டு என் மேசையில் சாய்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. சீட்டு நனைகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மனசு தேறியது, உடம்பு படுத்தியது. வாய் வறட்சி, மலச்சிக்கல், எழுந்தால் கிறுகிறுப்பு, விரலில் மெல்லிய நடுக்கம். கம்பெனியில் என்ன வேலை என்று டாக்டர் கேட்டதற்குக் காகிதக் குழாய் சுற்றுகிற வேலை என்றார். டாக்டர் எழுந்து போய் அவருடைய காதுமடலை மடக்கிப் பார்த்தார். பின்னால் வெள்ளிப் பூச்சு. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த இடத்தில் அலுமினியப் பொடி நிற்கும்.

“இது குழாய் சுத்துற ஆளு காது இல்லையே, அண்ணாச்சி.”

கலவை ரூம் என்று மாரிச்சாமி ஒத்துக்கொண்டார். வெயில் ஏறுமுன் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாவற்றையும் சல்லடையில் கையால் சலித்துக் கலக்கிற இடம் அது. கை தவறி ஒரு தட்டு தட்டினால் அந்த ரூமும் இருக்காது, உள்ளே இருக்கிற ஆளும் இருக்க மாட்டான். மாத்திரை சாப்பிடுகிற ஆள் என்று தெரிந்தால் போர்மேன் உள்ளே விட மாட்டார், அதனால்தான் சொல்லவில்லை என்றார். விடக்கூடாதுதான் என்றார் டாக்டர்.

தூக்கமும் நடுக்கமும் குறைவாக இருக்கும் என்று பச்சைக் கேப்சூலுக்கு மாற்றுவதாக முடிவு. காவியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முழு மாத்திரை பாதியாகும், பிறகு நிற்கும், இடைவெளி விட்டுப் புதியது. பழையது போதுமான அளவு வெளியே போகுமுன் பச்சையைப் போட்டால், அது பழையதை உடம்புக்குள்ளேயே தேக்கிவைத்து விஷமாக்கிவிடும். பட்டென்று நிறுத்தினாலோ உடம்பு நடுங்கும், தூக்கம் போகும், பழைய எண்ணம் திரும்பி வரும். இதெல்லாம் முடியும்வரை கலவை ரூம் வாசல்படியை மிதிக்கக்கூடாது என்றார் டாக்டர். புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியே ஒரு பிசகு இல்லாமல் ஒப்பித்தார்கள்.

இடித்தது ஒன்றே ஒன்று. ஆவணி மாதம், தீபாவளி சீசன். கம்பெனியில் லீவு என்ற பேச்சே கிடையாது. வேறு ரூம் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். அந்தப் போர்மேன் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்றார் மாரிச்சாமி. பேச்சியம்மாள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, “லீவு நான் வாங்கித் தாரேன் சார், நீங்க மாத்திரையக் குடுங்க” என்றார்.

அடுத்த புதன்கிழமை அவர்கள் வந்தார்கள். அதற்கடுத்த புதன் வரவில்லை. ஊர் டீக்கடைக்குப் போன் போட்டால், மாரிச்சாமி வீட்டுப் பக்கம் போக முடியாது என்று வைத்துவிட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையை எடுத்தேன்.

வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போனேன். மாரிச்சாமி வேப்பிலை பரப்பிய பாயில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கொப்புளம் கிடையாது. ஆனால் வேர்த்துக் கொட்டியது, விரல் நிற்கவில்லை, உட்கார முடியாமல் எழுந்து, நிற்க முடியாமல் உட்கார்ந்தார். பேச்சியம்மாள் என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். சீசனில் போர்மேன் இரண்டுக்குத்தான் ஆளை விடுவார்: சாவு, அம்மை. சாவுக்கு இரண்டு நாள்தான் கிடைக்கும். அதனால் அம்மை வாத்திருக்கு என்று கம்பெனியில் போய்ச் சொல்லிவிட்டார். போர்மேன் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, தண்ணி ஊத்தி நல்லாத் தேறுற வரைக்கும் வரவேண்டாம் என்றாராம். ஊர் நம்ப வேண்டுமே, வாசலில் வேப்பிலையும் கட்டியாயிற்று. அந்த வாரமே கலவை ரூமில் கூட வேலை பார்த்த இரண்டு பேருக்கு உடம்பு அரித்ததாம்.

கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டேன். பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். வேப்பிலை கட்டிய அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டார். பாதிகூட இல்லை, மொத்தமாக.

“பொய்யின்னு எனக்குத் தெரியாதா நர்சம்மா? ஆனா ஆத்தா பேரச் சொல்லிக் கட்டிட்டேன். வேப்பிலை இருக்க வீட்டுல தாளிக்கவே கூடாது, இங்கிலீசு மாத்திரைய எப்படிக் குடுக்க? குடுத்து நெசமாவே ஆத்தா எறங்கிட்டான்னா, நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு: கேட்க வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடு, கேட்டதால் ஒருவரும் சாக மாட்டார்கள். போய் மாரிச்சாமியின் எதிரில் உட்கார்ந்தேன். பழைய எண்ணம் வருகிறதா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்டேன்.

“தோணுது நர்சம்மா. அணைக்கட்டுக்குப் போவோம்னு முந்தாநாள் கெளம்பிட்டேன்.” கொஞ்ச நேரம் வேப்பிலையையே பார்த்தார். “தண்ணி ஊத்தாம வாசல் தாண்டக் கூடாதுல்ல. அதான் உக்காந்துட்டேன்.”

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மாத்திரையைத் தடுத்த அதே வேப்பிலைதான் ஆளையும் தடுத்து வைத்திருந்தது. அதைப் பிடுங்கி எறியுங்கள் என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன். பேச்சியம்மாளின் தம்பியை வரவழைத்து, ஒரு கணமும் ஆளைத் தனியே விடாதே என்று காவல் வைத்துவிட்டு டீக்கடைப் போனுக்கு ஓடினேன்.

டாக்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, வேப்பிலை இருக்கட்டும், தண்ணி மட்டும் ஊத்திராதீங்க, நான் வாரேன் என்றார். சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார். காரை பஸ் நிறுத்தத்திலேயே விட்டு, சொந்தக்காரர் போல ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நடந்து வந்தார். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் நல்லது என்று பேசிப் பார்த்தார். அந்த வார்டில் படுத்தவன் என்று பேர் வந்தால் மகளை எவன் கட்டுவான் என்று மாரிச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் கட்டாயப்படுத்தவில்லை. இன்னும் ஒரு படி மோசமானால் கேட்காமல் தூக்கிக்கொண்டு போவேன் என்று மட்டும் சொன்னார். பூச்சிமருந்து டப்பா, கயிறு எல்லாம் மச்சினன் வீட்டுக்குப் போயின. நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்தார். காவி மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கி, இந்தத் தடவை இன்னும் மெதுவாக இறக்க வேண்டும்.

அதற்குப் பேச்சியம்மாள் சம்மதிக்க வேண்டுமே. டாக்டர் சாமி படத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

“ஆத்தா முன்னாடி வச்சுக் கும்பிட்டுட்டுக் குடுங்க தாயி. அவ குடுத்ததா இருக்கட்டும்.”

பேச்சியம்மாள் யோசித்தார். அவருக்கு வந்த சந்தேகம் இந்த அட்டவணை போட்டவர்கள் யாருக்கும் வந்திருக்காது. “பாதி மாத்திரைன்னு சொல்றீக. உடைஞ்சதை எப்படி சார் சாமிக்கு முன்னால வைக்க?”

டாக்டர் இதைப் பெரிய மருத்துவப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார். சரிதான் என்று தலையாட்டினார். முழுசாக வைத்துக் கும்பிடுங்கள், பிறகு உடையுங்கள், மிச்சப் பாதி மறுநாளைக்கு. அது ஏற்கெனவே கும்பிட்டதுதானே என்றார். திருப்பிச் சொல்லச் சொன்னார். பேச்சியம்மாள் திருப்பிச் சொன்னார். மச்சினனும் சொன்னான்.

அப்படித்தான் அந்த மாற்றம் நடந்தது. மஞ்சள் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் காவி மாத்திரை உட்கார்ந்தது. பாதியானது. நின்றது. இடைவெளி விட்டோம். அந்த இடைவெளியில் நான் அடிக்கடி போய் அதே கேள்வியைக் கேட்டேன். தோணுது என்றவர், தோணிச்சு என்றார். பிறகு, கேக்காதீக நர்சம்மா, சலிப்பா இருக்கு என்றார். சலிப்பு வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பச்சைக் கேப்சூல் தொடங்கி அது உடம்பில் நின்ற பிறகு டாக்டர் உத்தரவு கொடுக்க, மாரிச்சாமியின் தலைக்குப் பேச்சியம்மாள் தண்ணீர் ஊற்றினார். தழும்பே இல்லையே என்று ஊரில் கேட்டவர்களுக்கு, ஆத்தா நல்லபடியா எறங்கிப் போயிட்டா என்று பதில் தயாராக இருந்தது.

கம்பெனிக்குத் திரும்பியதும் கலவை ரூமுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று எங்களுக்கெல்லாம் பதைப்பு. டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. ஆனால் போர்மேனே எல்லார் முன்னாலும், அம்மை வாத்த உடம்பு, கலவைக்கு ஆகாது, பேக்கிங்குக்குப் போ என்று சொல்லிவிட்டாராம். அதிர்ஷ்டம் என்று பேசிக்கொண்டோம்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடந்த நாளில், மதிய நேரம், கண் வரிசையும் கலைந்த பிறகு ஓர் ஆள் எங்கள் வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை. கையைப் பின்னால் கட்டியிருந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். கம்பெனி பேரைச் சொல்லி, அங்கே போர்மேன் என்றார். பொய் சொல்லி லீவு வாங்கியதைக் கண்டுபிடித்து, மாரிச்சாமியின் வேலைக்கு வேட்டு வைக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படி யாரும் இங்கே வரவில்லை என்று சொல்லத் தயாராக நின்றேன்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

“மாரிச்சாமிக்கு வந்த அம்மை எனக்கும் வந்திருக்கு நர்சம்மா. ரொம்ப வருசமா.”

அப்படியானால் தெரிந்தேதான் லீவு கொடுத்தீர்களா என்று கேட்டேன். அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்து என் மேசை மேல் வைத்தார். இரண்டும் நடுங்கின.

“சலிக்கையில அவன் கை நடுங்குனத நான் பாத்தேன். என் கையப் பாக்கத்தான் யாரும் இல்ல.”

அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரிடம், இன்னும் ஒருத்தர் இருக்கிறார் என்று போய்ச் சொன்னேன்.